எட்டு நாள்

ஜூன் இருபத்தாறு என்று
சீட்டில் நாள் குறித்துக் கொடுத்தார்களாம்.
கோபி அரசு ஆஸ்பத்திரி, எண்பத்தேழு.
அம்மா துணிப்பையோடு போய்ப் படுத்ததுதான் மிச்சம்.
இருபத்தாறு போனது, இருபத்தெட்டு போனது,
இருபத்தொன்பதில் பக்கத்துக் கட்டிலில்
கஜதீபன் பிறந்து,
அவன் அம்மா எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தாள்.
நான் ஜூலை நாலு,
விடியற்காலை,
கழுத்தைச் சுற்றிக் கொடியோடு.

'வெளிய வர மனமில்லாத சோம்பேறி' என்று
அம்மா கதைப்பாள், சிரித்துக்கொண்டே,
இருபது வருஷம்.
பிறகு அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஜூலை ஒன்றுக்கு முன் இந்த மண்ணில் விழுந்தவன்
இந்த நாட்டுக்காரன் என்று
சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது.
ஈரோட்டு வக்கீல் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார்.
கஜதீபன் பாஸ்போர்ட் எடுத்து
கத்தாரில் ஏசி மெக்கானிக்.
நான்
அம்மா வயிற்றிலேயே
கெடு முடிந்தும் தங்கிவிட்டவன்.

போர்டு எழுதுவது என் பிழைப்பு.
சத்தியிலிருந்து புளியம்பட்டி வரை
பூக்கடை, உரக்கடை, மாட்டுத்தீவனம்,
பாதி எழுத்து என்னுடையது.
எந்த ஊருங்க என்பார்கள்.
டேமுங்க.
டேமுக்கு அக்கட்டாலங்களா, இக்கட்டாலங்களா?
இக்கட்டாலங்க.
அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை,
என் பேச்சில் மூதூர் இல்லை.

சாந்தாமணியைக் கட்டியபோது
அவள் சித்தப்பன் மட்டும் சொன்னார்:
'ஒறம்பரைன்னா ஒறம்பரையாட்ட
இருந்துட்டுப் போயிரோணும்.'
போன மாசம் அவர் வீட்டுக் கேட்டுக்கு
பெயின்ட் அடித்தேன்.
நான் காசு கேட்கவில்லை,
அவரும் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் புதுச் சுற்றறிக்கை.
முகாமே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது.
இன்ன தேதிக்கு முன் வந்தவர்கள்,
இன்னது இருந்தால்,
இன்னது இல்லாவிட்டால்.
ஏழாவது கட்டம்: வந்த தேதி.
எட்டாவது: வந்த வழி.
ஆர்.ஐ. பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.
'நான் வரலைங்க சார். பொறந்தனுங்க.'
'அதுக்குக் கட்டம் இல்லையேப்பா.'
நல்ல மனுஷர், டீ சொன்னார்.
அம்மா வந்த தேதியையே போட்டுக்கோ என்றார்.
ஆக,
பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே
நான் படகில் வந்து இறங்கியிருக்கிறேன்,
ராமேஸ்வரத்துக்குத் தெற்கே, ராத்திரி,
நனைந்த சேலையோடு.

மிதுஷாவுக்கு வேறு தேதி.
இரண்டாயிரத்து நாலு டிசம்பருக்குப் பின் பிறந்தால்
தாய் இந்த நாட்டுக்காரியாய் இருப்பது மட்டும் போதாது,
தகப்பன் திருட்டுத்தனமாய் வந்திருக்கக் கூடாது.
சாந்தாமணி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து
மை காயாத விரலால்
அவளுக்கு ஜடை பின்னுவாள்.
சமூக அறிவியலில் பிள்ளை தொண்ணூற்றேழு.
மூன்று மார்க் எதில் போனது என்று
நான் கேட்கவில்லை.

நேற்று தாலுகா ஆபீஸில் வேலை.
குடிமக்கள் சாசனம்,
நீலத் தகரம், வெள்ளை எழுத்து.
வருமானச் சான்று, வாரிசுச் சான்று,
பட்டா மாறுதல்,
எதிரே இத்தனை நாள், இத்தனை நாள் என்று
அவர்கள் தாளில் தந்ததை அப்படியே எழுதினேன்.
முதல் வரியில் 'டி'யின் கொம்பு கொஞ்சம் வழிந்தது,
துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
ஆர்.ஐ. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.
'நல்லா வந்திருக்குதப்பா.
ஓரத்துல உம் பேரைப் போட்டுக்கோ,
ஊரையும் போடு, நாலு பேர் கூப்பிடுவாங்க.'

நுனிப் பிரஷை எடுத்து எழுதினேன்:
ரூபன் ஆர்ட்ஸ்,

காற்புள்ளி வரை வந்துவிட்டது.
கீழே ஸ்டாண்டில் அணைக்குப் போகும் பஸ்
ஹாரன் அடித்தது.
ஆறு மணிக்குள் முகாமில் கையெழுத்து வைக்க வேண்டும்.
ஏணியை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.